கண் வாசிக்கிறது, மனம் வாசலில் நிற்கிறது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு நாவல் முடிப்பவர். அம்மாவின் நோய், பிறகு அவருடைய மறைவு என்று இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. இப்போது ஓரளவு தேறி வேலைக்குப் போகிறார். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அரைப் பக்கம் தாண்டுவதில்லை. ஒரே பத்தியை நாலு முறை படிக்கிறார், ஒன்றும் ஒட்டவில்லை. மேசையில் பதினான்கு புத்தகங்கள் படிக்கப்படாமல் கிடக்கின்றன. மருத்துவமனையில் பாதியில் விட்ட நாவலும் அவற்றில் ஒன்று. பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வாக இருக்கிறதாம். "வாசிப்பு என்னை விட்டுப் போயே போய்விட்டதா? அந்தச் சுகம் மறுபடி வருமா?" என்று கேட்கிறார்.

வரும். போனபோது இருந்த அதே உருவில் வருமா என்றால், அதற்கு மட்டும் உறுதி தர மாட்டேன்.

நான் நூலகத்தில் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவன். நெடுநாள் காணாமல் போய்த் திரும்பி வரும் வாசகர்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். வந்ததும் தடித்த நாவலாகப் பார்த்து எடுப்பார்கள். விட்ட இடத்தை ஒரே தாவலில் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம். நாலாம் நாள் திருப்பித் தருவார்கள். படித்து முடித்த முகமாக இருக்காது. "நல்லா இருந்ததா?" என்று கேட்டால், "நேரமில்லை" என்பார்கள். அதன் பிறகு பல மாதம் ஆளைக் காண முடியாது. நானும் ஒரு காலத்தில் அப்படிக் காணாமல் போனவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தத்தித் தத்திப் போகிறது. ஒவ்வொரு தத்தலுக்கும் இடையே ஏறத்தாழ கால் நொடி நிற்கிறது, அந்த நிறுத்தத்தில்தான் எழுத்தைப் பார்க்கிறது. நன்றாகப் படிக்கக்கூடியவர்களுக்குக்கூட இந்தத் தத்தல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கிப் போவதுதான். ஆகவே திரும்பிப் பார்த்துப் படிப்பதை ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. மனம் வேறெங்கோ இருக்கும்போதும் கண் தன் வேலையை விடாமல் செய்யும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கதை படித்துக்கொண்டிருப்பவர்களின் மனம் அலையும் நேரத்தில் கண்ணசைவு எப்படி இருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். வரி வரியாகப் போய்க்கொண்டேதான் இருந்தது. ஆனால் பழகிய சொல்லுக்கும் அரிய சொல்லுக்கும் காட்ட வேண்டிய வித்தியாசத்தைக் கண் சரியாகக் காட்டவில்லை. பக்கம் புரள்கிறது, உள்ளே யாருமில்லை. கண் வாசிக்கிறது, மனம் வாசலில் நிற்கிறது.

ஏன் நிற்கிறது? ஒரு கதையைப் பின்தொடர நாம் தலைக்குள் ஒரு சின்ன உலகத்தைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். யார், எங்கே, எப்போது, எதனால், என்ன நோக்கத்தோடு என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்த உலகத்தில் ஏதாவது மாற வேண்டும். இதைச் செய்யும் நினைவுக்கு இடம் மிகக் குறைவு. ஒரே நேரத்தில் நாலு விஷயம் தாங்கும் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு. நாலு நாற்காலி போட்ட அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளாக அதில் ஒன்றில் அடுத்த வேளை மருந்து உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் பரிசோதனை முடிவு. மூன்றாவதில் எந்த நேரமும் அடிக்கக்கூடிய தொலைபேசி. மிச்சமுள்ள ஒற்றை நாற்காலியில் நாயகன், நாயகி, ஊர், பகை, பருவம் எல்லோரையும் எப்படி உட்கார வைப்பது?

"அதெல்லாம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன்?" என்று கேட்பீர்கள். முடிந்தது உங்களுக்குத் தெரியும். காவலுக்கு நின்ற மனத்துக்கு இன்னும் தெரியவில்லை. வாசிப்பில் மூழ்குவது என்றால் தன்னைச் சற்று நேரம் மறப்பது. ராத்திரியில் ஒரு முனகல் கேட்டால் எழ வேண்டும் என்று பழகிய மனத்துக்கு, தன்னை மறப்பது ஆபத்தான காரியம். ஆகவே கதை கொஞ்சம் இழுத்ததுமே அது சட்டென்று தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்கிறது. இதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். நோயாளியின் அருகில் இருந்தவர் தூங்காமல் இருந்த பழக்கத்தின் மிச்சம் அது. மனச்சோர்வு குறைந்து மற்றபடி தேறிய பிறகும் கவனமும் நினைவும் பழைய நிலைக்கு வரச் சிலருக்குப் பல மாதங்கள் ஆகும் என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைப் பேச்சு. இதைத் தாண்டிப் போகாதீர்கள். மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு, 2001இல் வெளியானது. பிஎச்கியூ-9 என்பார்கள். அதன் முதல் கேள்வியே எதிலும் ஆர்வமோ இன்பமோ குறைந்துவிட்டதா என்பதுதான். ஏழாவது கேள்வி, கவனம் செலுத்தச் சிரமமா என்று கேட்கிறது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம் செய்தித்தாள் படிப்பதும் தொலைக்காட்சி பார்ப்பதும். படிக்க முடியவில்லை என்பதை மருத்துவம் அவ்வளவு நேரடியாகக் கேட்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், புத்தகத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சில மாத்திரைகள் பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும் பார்வையை மங்கலாக்கும். அப்புறம் கண். சிரிக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியதும் கிட்டப் பொருளைப் பார்க்கும் திறன் குறைவது இயற்கை. துக்கத்தில் இருந்த இரண்டு ஆண்டில் அது சத்தமில்லாமல் நடந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மனசுதான் காரணம் என்று ஓராண்டு நொந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். கடைசியில் பாதிப் பிரச்சினை கண்ணாடியோடு தீர்ந்தது.

சரி, உடம்பு பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவரான ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு நேர்ந்தது உங்கள் கதைக்கு மிகவும் நெருக்கமானது. மூன்று வயதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கிய பிள்ளை அவர். புத்தகத்துக்குள்ளேயே வளர்ந்தவர். 1826இல், இருபது வயதில், மனம் இருண்டுபோனது. பிடித்த புத்தகங்களிடம் ஆறுதல் தேடிப் போனார். படித்தார், ஆனால் உணர்ச்சியே இல்லை. முன்பு தந்த மயக்கம் அவற்றில் இல்லாமல் போயிருந்தது என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டுக்கு முன்பு, திரையோ அலைபேசியோ இல்லாத காலத்தில், உலகத்திலேயே அதிகம் படித்த இளைஞர்களில் ஒருவருக்கு இது நடந்தது. எல்லாவற்றுக்கும் அலைபேசியைக் குற்றம் சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

அவருக்கு வாசிப்பு எப்படித் திரும்பியது என்பதில்தான் பாடம் இருக்கிறது. சில மாதம் கழித்துத் தற்செயலாக மார்மோன்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தை இறந்துபோகிறார், குடும்பம் கலங்கி நிற்கிறது, சிறுவனாக இருந்த மார்மோன்டெல் இனி உங்களுக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று முடிவு செய்கிறான். அந்த இடத்தில் மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் கல்லாகிவிடவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பெரிய தத்துவ நூல் ஒன்றும் இதைச் செய்யவில்லை. தேடி எடுத்த புத்தகமும் இல்லை. எங்கேயோ ஒரு பக்கம்.

பிறகு கவிதையிடம் போனார். முதலில் பைரன். ஒன்றும் பயனில்லை. பைரனின் மனநிலை தன்னுடையதைப் போலவே இருந்தது என்று காரணம் சொல்கிறார். 1828இல் வேர்ட்ஸ்வர்த்தை எடுத்தார். மலையும் ஓடையும், அவற்றைப் பார்த்த மனத்தின் அமைதியும் உள்ள கவிதைகள். அவைதாம் அவருக்கு மருந்தாயின. முதல் இருளிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டு ஆண்டு. அவசரப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

துக்கத்தில் இருப்பவருக்குத் துக்கத்தைப் பற்றிய புத்தகத்தை நீட்டுவது நல்லெண்ணக்காரர்களின் வழக்கம். நூலகத்தில் நானே செய்திருக்கிறேன். சிலருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலோருக்கு முதல் புத்தகமாக அது சரிப்படுவதில்லை. வாசலில் நிற்கும் காவலாளியிடம் போய், நீ பயந்த அதே விஷயம் உள்ளேயும் இருக்கிறது என்று சொல்வது போல. அம்மாவை இழந்தவருக்கு அம்மா சாகும் நாவல் வேண்டாம். பிறகு ஒருநாள் நீங்களே தேடிப் போவீர்கள்.

என் கதை இது. என் அண்ணன் மூன்று ஆண்டு நோயில் கிடந்து போனார். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு ஒரு நாவலும் என்னால் படிக்க முடியவில்லை. புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. வாசகர்கள் ஏதாவது கேட்டால் பழைய நினைவிலிருந்து ஒப்பேற்றுவேன். ஒருநாள் அட்டை கிழிந்து பழுதுபார்க்க வந்த புத்தகங்களில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பது பற்றிய பழைய கையேடு ஒன்று இருந்தது. பசை காயும்வரை புரட்டினேன். சாவி கொடுக்கும் பழைய வகைக் கைக்கடிகாரம் மணிக்கு 18,000 முறை தட்டுகிறது, அதாவது நொடிக்கு ஐந்து முறை என்று படித்தேன். மெல்லிய சுருள் ஒன்று சுருங்கி விரிந்து ஒரு சக்கரத்தை இங்கும் அங்கும் ஆட்டுவதைப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். தலை நிமிர்ந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. எனக்குக் கடிகாரத்தில் அதற்கு முன்பும் ஆர்வம் கிடையாது, பின்பும் கிடையாது. வெகுநாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. அந்தப் புத்தகத்தில் யாரும் சாகவில்லை. பழுது வந்தது, காரணம் இருந்தது, சரி செய்தார்கள்.

ஆகவே முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரம், புகழ், விருது எதையும் பார்க்காதீர்கள். பறவைகள், பாலம் கட்டுவது, சதுரங்க ஆட்டங்களின் குறிப்பு, அகராதி, சிறுவர் கதை, படக்கதை, எதுவாகவும் இருக்கட்டும். தமிழில் 'படி' என்ற ஒரே சொல் பாடப்புத்தகத்துக்கும் கதைப்புத்தகத்துக்கும் சேர்த்துப் பயன்படுகிறது. "படிக்கிறாயா இல்லையா?" என்ற அதட்டலைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அந்த அதட்டல் நம்மோடு வயதுக்கு வந்து, இப்போது நம் குரலிலேயே பேசுகிறது. எனக்கு 'வாசி' என்ற சொல் இதற்குப் பொருத்தமாகப் படுகிறது. புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். பல ஆண்டு தொடாத வீணையை எடுத்தவர் முதல் நாளே கச்சேரி செய்யப் பார்ப்பதில்லை. தந்தியைச் சுருதி சேர்ப்பார், சரளி வரிசைக்குப் போவார். விரல் வலிக்கும்போது நிறுத்துவார். இசையே தன்னை விட்டுப் போய்விட்டது என்று யாரும் அன்றைக்கு முடிவு கட்டுவதில்லை.

எவ்வளவு நேரம்? வாசிப்பும் மூளையும் பற்றி ஆராயும் மரியான் உல்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் தனக்கே நேர்ந்ததை 2018இல் எழுதினார். இளமையில் தான் கொண்டாடிய ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவலை மறுபடி எடுத்தபோது அவரால் உள்ளே போகவே முடியவில்லை. அவருக்குக் காரணம் துக்கம் அல்ல. நாளெல்லாம் திரையில் மேலோட்டமாக மேய்ந்த பழக்கம். கொஞ்ச நாள் கழித்து, நாளுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டு மீண்டும் முயன்றார். இரண்டு வாரத்தில் பழைய நடை திரும்பியது. துக்கம் கூடிய ஒருவருக்கு 20 நிமிடமே அதிகம் என்பேன். பத்தில் தொடங்குங்கள். ஐந்தும் சரிதான். நல்ல இடம் வரும்போது, இன்னும் கொஞ்சம் படிக்கலாம் போலிருக்கும்போதே மூடிவிடுங்கள். மறுநாள் எடுக்க ஒரு காரணம் இருக்கும். சலித்துப்போகும்வரை உட்கார்ந்தால் மூளை அந்தச் சலிப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

"ஆசையே வரவில்லையே, எப்படி எடுப்பது?" என்றும் கேட்கலாம். விரும்புவதும் ரசிப்பதும் மூளையில் தனித்தனிப் பாதைகள் என்று கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வேண்டும் என்று துடித்து வாங்குவோம், கையில் வந்தபின் சுவைக்காது. உங்கள் மேசையில் பதினான்கு சேர்ந்தது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மறுதலையும் உண்மை. ஆசையே இல்லாமல் தொடங்கிய ஒன்று நடுவில் சுவைக்கத் தொடங்கலாம். மனச்சோர்வுக்குச் செய்யும் சிகிச்சைகளில் ஒன்று இதையே அடிப்படையாகக் கொண்டது. 1970களில் பீட்டர் லூயின்சோன் போன்றவர்கள் வளர்த்தெடுத்தது. ஆர்வம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாகச் செய்யத் தொடங்குவது, ஆர்வம் பின்னால் வரட்டும் என்று விடுவது. ஆனால் இங்கே சின்னது என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் பதிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் செய்த ஆய்வொன்று உண்டு. சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு முடிவு. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆகவே நாள்காட்டியில் கட்டம் போட்டு நிரப்பும் வேலை வேண்டாம். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்ற இலக்கும் வேண்டவே வேண்டாம். நல்ல உடம்போடு இருப்பவர்களுக்கே அது வாசிப்பைக் கணக்குப்பிள்ளை வேலையாக்கிவிடுகிறது.

பழைய புத்தகத்தை மறுபடி படிப்பதைப் பலர் ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த உலகத்தை மூளை ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறது. நாலு நாற்காலிகளில் இரண்டு மிச்சமாகும். யார் சாவார், யார் பிழைப்பார் என்று தெரியும், காவலாளிக்கு நிம்மதி. புதிய கதையாக இருந்தால் முடிவை முதலில் படித்துவிடுங்கள். 2011இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், முடிவு முன்கூட்டியே தெரிந்தவர்கள் சிறுகதைகளைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகளில் சில அப்படி இல்லை என்கின்றன. எப்படியானாலும் குடி முழுகிப் போகாது.

பிடிக்காததைப் பாதியில் விடுங்கள். விட்டதற்குக் கணக்கு வைக்க வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் முதல் உரிமை படிக்காமல் இருப்பது. பக்கம் தாண்டுவது, முடிக்காமல் விடுவது, மறுபடி படிப்பது எல்லாம் அதில் உண்டு. மாணவர்களை நன்றாக அறிந்த ஒருவர் எழுதியது அது.

கண் ஒத்துழைக்காத நாளில் காதைக் கேளுங்கள். ஒலிப்புத்தகம் கேட்பது வாசிப்பில் சேருமா என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஒரே கதைகளைக் கேட்கும்போதும் படிக்கும்போதும் பொருளைக் கையாளும் மூளைப் பகுதிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்வதை 2019இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதைவிட நல்லது, வாய்விட்டுப் படிப்பது. மௌனமாகப் படிக்கும்போது நிமிடத்துக்கு 240 ஆங்கிலச் சொல் ஓடுகிறது என்றால், உரக்கப் படிக்கும்போது 180 சொச்சம்தான். அந்த வேகக் குறைவுதான் நமக்கு வேண்டியது. நாக்கு ஒரு சொல்லில் இருக்கும்போது மனம் வெகுதூரம் ஓட முடியாது. யாராவது ஒருவர் அருகில் இருந்து படித்துக் காட்டினால் இன்னும் சிறப்பு. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஜேன் டேவிஸ் தொடங்கிய அமைப்பு பல ஆண்டாக இதைத்தான் செய்கிறது. சிறு குழுவாக உட்கார்ந்து ஒருவர் கதையோ கவிதையோ படிக்க, மற்றவர்கள் கேட்கிறார்கள், பேச நினைத்தால் பேசுகிறார்கள். வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

காகிதமா திரையா என்றும் கேட்பார்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல் 2018இல் வந்தது. தகவல் சார்ந்த கட்டுரைகளில் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் அதிகம். கதை மட்டும் படித்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கைக்கு வந்ததில் படியுங்கள். அலைபேசியை மட்டும் அடுத்த அறையில் வையுங்கள். இரண்டு ஆண்டாகக் கெட்ட செய்தி வந்த கருவி அது. கண்ணில் படும்வரை காவலாளி உட்கார மாட்டான்.

ஆறு நிமிட வாசிப்பில் மன அழுத்தம் 68 சதவீதம் குறையும் என்ற ஒரு செய்தி அடிக்கடி சுற்றி வரும். அது விளம்பரத்துக்காகச் செய்யப்பட்ட சிறு சோதனை, ஆய்விதழில் வந்ததல்ல. அதை நம்பி ஆறாவது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

திரும்பி வருகிறது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பக்கக் கணக்கை வைத்துப் பார்த்தால் தப்பாகப் போகும். தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல் இன்பத்துக்காகப் படிப்பவர்களை ஆராய்ந்து 1988இல் முடிவுகளை வெளியிட்டார். மிகவும் பிடித்த பக்கங்களை அவர்கள் மற்ற பக்கங்களைவிட மெதுவாகப் படித்தார்கள் என்று அவர் கண்டார். இன்பம் வந்தால் வேகம் குறைகிறது. ஆகவே "முன்பு வாரத்துக்கு ஒன்று முடிப்பேனே" என்ற அளவுகோல் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். ஒரு வாக்கியத்தில் காரணமில்லாமல் நின்று அதை இன்னொரு முறை படிக்கிறீர்களா? அதுதான் அடையாளம். ஒன்றும் ஒட்டாமல் திரும்பப் படிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வந்த கணமே தெரிந்துவிடும். இன்னொன்று, படிக்காத நேரத்தில் கதைமாந்தர் ஒருவர் நினைவுக்கு வருவது. பல் தேய்க்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, அந்த ஆள் அப்புறம் என்ன செய்திருப்பான் என்று ஒரு யோசனை ஓடும்.

ருசி மாறியிருந்தால் திகைக்காதீர்கள். துப்பறியும் கதைப் பைத்தியமாக இருந்தவருக்கு இப்போது பிணம் விழும் முதல் அத்தியாயமே பிடிக்காமல் போகலாம். கவிதைப் பக்கமே போகாத ஒருவர், கணவர் இறந்த பிறகு கவிதைத் தொகுப்புகளாக எடுத்துப் போனார். ஏன் என்று கேட்டேன். "பக்கத்தில் வெள்ளை நிறைய இருக்கிறது" என்றார். எனக்கும் வரலாற்று நாவல்கள் திரும்பவே இல்லை. பதிலாகச் சிறுகதை வந்தது, கடிதத் தொகுப்புகள் வந்தன. போனதை நினைத்து வருத்தம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியாக அந்தப் பதினான்கு. இன்றைக்கே மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடுங்கள். எல்லாவற்றிலும் மெலிந்த ஒன்றை மட்டும் வெளியே விடலாம். அதுவும் உறுத்தினால் அதையும் உள்ளே வையுங்கள். புத்தகம் கடன்காரன் போல முறைத்துக்கொண்டிருக்கும் மேசையில் யாருக்கும் படிக்க வராது. மருத்துவமனையில் பாதியில் விட்ட நாவலை இப்போது தொடவே வேண்டாம். அதன் குற்றம் ஒன்றுமில்லை, அந்த அறையின் வாடை அதில் ஏறியிருக்கிறது. என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது, அண்ணனின் கட்டில் அருகே நிறுத்தியது. ஆறு ஆண்டு கழித்து ஒரு மழை நாளில் எடுத்தேன். பக்க அடையாளத்துக்கு அவருடைய மருந்துச் சீட்டை மடித்து வைத்திருந்தேன், மறந்தே போயிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு நாவலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.